வெந்நீர் வரும் மூலை

குளத்தில் இறங்கியதும் என் காலில் முதலில் ஒட்டியது யாருடைய புண்ணிலிருந்தோ உரிந்து விழுந்த பிளாஸ்திரி.

சீ!

கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை அலைத்து அதைத் தள்ளிவிட்டேன். அது போய் ஒரு முடிக்கற்றையோடு சேர்ந்து மிதந்தது.

எதிரே, கொப்பளிப்பு சார் என்று நான் பெயர் வைத்திருக்கிற மனுஷர் நின்றுகொண்டிருந்தார். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் நிறையத் தண்ணீரை அள்ளி, கடகடவென்று கொப்பளித்து, அதே தண்ணீரில் துப்பினார். படித்த மனுஷன்!

இது ஆபரேஷன் ஆனவர்களும் மூட்டு தேய்ந்தவர்களும் நடந்து பழகுகிற வெந்நீர்க் குளம். நான் மாடிப்படியில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டது இங்கே எல்லோருக்கும் தெரியும். வழுக்கிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த மாதத்துக்குள் முட்டி மடங்காவிட்டால் கால் அப்படியே கட்டையாக நின்றுவிடுமாம். அப்புறம் கக்கூசுக்குப் போகக்கூட இன்னொருவர் கை வேண்டியிருக்கும் என்று பிசியோதெரபிப் பெண் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை.

ஆனாலும் நான் வருவதை நிறுத்தியிருந்தேன். எல்லாம் இந்தக் குளத்துக்காரரால் வந்த வினை.

ஒருநாள் அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிகிற புகைபோக்கியைப் பெருமையாகக் காட்டினார். அது மயானத்து உலையாம். பிணம் எரிகிற சூடு வீணாக வானத்துக்குப் போகிறதாம். அதைக் குழாயில் பிடித்துத்தான் இந்தத் தண்ணீரைக் காய வைக்கிறார்களாம்.

"சக்தி எங்கயும் அழியாதும்மா. ஒண்ணு இன்னொண்ணா மாறும், அவ்வளவுதான். புகை வராது, சாம்பல் வராது, சூடு மட்டும்தான் வரும்" என்றார், புது வீட்டுச் சமையலறையைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தேன். தட்டின் முன் உட்கார்ந்தால் குமட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தியின் தொடையும் யாரோ ஒருவனின் தொப்பையும் எரிந்து, அந்தச் சூடு இத்தனை நாள் என் காலை நீவிக் கொடுத்திருக்கிறது. கண்றாவி! இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று குளத்துக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன்.

இன்று நானே ஊன்றுகோலோடு வந்து நின்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சேலைக்குள்ளேயே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். சேலையை அவிழ்த்து பெஞ்சில் மடித்து வைத்தேன்.

"அங்க இன்னும் பத்த வைக்கலம்மா, தண்ணி ஜில்லுன்னு இருக்கும். கொஞ்சம் பொறுத்து இறங்குங்களேன்" என்றார்.

தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெந்நீர்க் குழாயின் வாய் குளத்தின் கோடி மூலையில் இருக்கிறது. அந்த இடத்துக்குக் கிழவர்கள் முண்டியடிப்பார்கள். நான் நேரே போய், குழாய்க்கு முன்னால் முட்டியைக் கொடுத்து நின்றுகொண்டேன். அது தன் இடம் என்பதுபோலக் கொப்பளிப்பு சார் முறைத்தார். முறைக்கட்டும்.

பல் கிடுகிடுவென்று அடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எழுந்தது. நல்ல நாடகம்! உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத ஜென்மங்களெல்லாம் மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் அதில் பெரிதாகக் கேட்டது.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு என் மகள் ஓடிவந்தாள். முகம் வீங்கியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்து விளிம்பு வரை வந்துவிட்டாள்.

"என்னம்மா இது அசிங்கம்? எல்லாரும் உன்னத்தான் தேடுறாங்க. உள்ள வைக்கப் போறாங்கம்மா. ஒரே ஒரு தடவ வந்து அப்பா முகத்தப் பாத்துடு."

பார்த்தவரைக்கும் போதும் என்றேன்.

அசிங்கமாம்! எத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு ஆக்கிக் கொட்டினேன். நான் போட்ட சோறுதான் அவர் உடம்பில் ரத்தமாகி, கையில் வலுவாகி நின்றது. அந்த வலுதான் மாடிப்படியில் என் முதுகில் வந்து விழுந்தது. படி வழுக்கவே இல்லை.

இவளைப் பெற்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அவரிடம் ஒரு செம்பு வெந்நீர் கேட்டேன். அடுப்பு அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகள் என் முகத்தையும் நான் நின்ற மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள். குளத்துக்காரர் சொன்னதை அவளிடம்தான் அன்று புலம்பியிருந்தேன். அவள் வந்த வழியே போய்விட்டாள்.

அழுகை ஒருமுறை ஓங்கி அடங்கியது. புகைபோக்கிக்கு மேலே வெறும் காற்று நெளிந்தது.

கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து வெதுவெதுப்பு வந்தது. பிறகு நல்ல சூடு. கெண்டைக்காலைச் சுற்றி, முட்டியைச் சுற்றி, தொடைக்கு ஏறியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். காலை மட்டும் எடுக்கவில்லை. கேட்ட வெந்நீர் இப்போதுதான் வருகிறது, நான் ஏன் எடுக்கவேண்டும்?

எந்த மருந்துக்கும் மசியாத முட்டி, வலியில்லாமல் மெதுவாக மடங்கியது.

சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால்தான் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.