அமெரிக்காவில் ஒரு சர்வர்

"கரண்ட் போனா என்ன பண்ணுவேள்?" என்று கேட்டார் லக்ஷ்மிநாராயணன்.

"போகவே போகாது சார். அமெரிக்காவில கரண்ட் கட்டுன்னா என்னன்னே தெரியாது" என்றான் அனூப்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் விற்கும் கடை அது. 2004-ம் வருஷம். ஜெர்மனியில் ஒரு மிளகு வியாபாரி, 'உங்கள் வெப்சைட் விலாசம் என்ன?' என்று மூன்று முறை மெயிலில் கேட்டுவிட்டான். நான்காவது முறை அவன் கேட்கப்போவது வேறு கடைக்காரரைத்தான் என்று லக்ஷ்மிநாராயணனுக்குத் தோன்றியது.

கடையில் பாதிப் பங்கு தங்கை கங்காவுடையது. வெப்சைட் வைக்க இடம் தரும் கம்பெனிகளை விசாரித்து, இரண்டைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஒன்று கொச்சியிலேயே, காக்கநாட்டில். இன்னொன்று, கழுத்தில் டையும் நெற்றியில் வியர்வையுமாக எதிரே உட்கார்ந்திருந்த அனூப் வேலை பார்ப்பது. இந்த ஆர்டரும் கிடைத்துவிட்டால் அவனுக்கு வேலை நிரந்தரம்.

"சர்வர் ரூமுக்கு ஸ்டீல் கதவு சார். கைரேகை வெச்சாத்தான் திறக்கும். வாசல்ல துப்பாக்கியோட செக்யூரிட்டி. உள்ள ஸ்வெட்டர் போடாம நிக்க முடியாது, அவ்வளவு ஏசி."

"நீ போய்ப் பாத்திருக்கயா?"

"எங்க எம்.டி. சார் நேர்ல போய் செட் பண்ணிட்டு வந்தார். போட்டோகூடக் காட்டினார்."

கங்கா தன் நோட்டைத் திறந்தாள். "டொமைனை யார் பேர்ல பதிவு பண்ணுவேள்?"

"எங்க கம்பெனி பேர்லதான் மேடம். உங்களுக்கு ஒரு பிரஸ்னமும் இருக்காது."

"எங்க கடையோட விலாசம் உங்க பேர்லயா? நாளைக்கு நாங்க வேற கம்பெனிக்கு மாறணும்னா?"

"எங்ககிட்டேருந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட மாறினதில்ல மேடம்."

"மாறலையா, மாற முடியலையா?"

அனூப் சிரித்துவைத்தான். கங்கா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, காக்கநாட்டுக்காரா டொமைன் நம்ம பேர்லதான்னு எழுதியே குடுத்திருக்கா. சர்வர் பம்பாய்லயாக்கும். மாசத்தில ஒரு மணி நேரம் நின்னாலும் நிக்கும்னு அவாளே சொல்லிட்டா."

"ஆர்டர் கேக்க வந்த அன்னைக்கே நின்னுபோகும்னு சொல்றவனை எப்படி நம்பறது?" என்றார் லக்ஷ்மிநாராயணன். "அதுவுமில்லாம பம்பாய்னு சொன்னா ஜெர்மன்காரன் என்ன நெனப்பான்? அமெரிக்கான்னா ஒரு கௌரவமாக்கும்."

"அவன் வாங்கப்போறது மிளகு அண்ணா. சர்வர் எங்க இருக்குன்னு அவன் கேக்கவே மாட்டான்."

"கேட்டா சொல்லலாமோல்லியோ?"

அப்போது ஃபேன் நின்றது. எதிர்ச் சாரிக் கடைகளிலும் விளக்கு அணைந்தது.

"மட்டாஞ்சேரி முழுக்கப் போயாச்சு" என்றாள் கங்கா, வாசலை எட்டிப் பார்த்து.

அனூப்பின் முகம் மலர்ந்தது. "சார், டெமோ காட்டுன்னு தெய்வமே சொல்லுது! உங்க கம்ப்யூட்டர் யூபிஎஸ்லதானே ஓடுது? எங்க கஸ்டமர் ஒருத்தரோட சைட்டைத் திறந்து காட்டட்டுமா?"

மோடம் கரகரத்து, கீச்சிட்டு, ஒருவழியாக இணைந்தது. ஒரு படகு வீட்டுக் கம்பெனியின் வெப்சைட் மேலிருந்து கீழே மெல்ல இறங்கி வந்தது. நீலத் தண்ணீரில் ஒரு படகு இடமிருந்து வலமாக நகர்ந்தது.

"பாத்தீங்களா சார்! இங்க கரண்ட் இல்ல, போட் ஓடுது!"

"அடிபொளி!" என்றார் லக்ஷ்மிநாராயணன், அவரை அறியாமலே. "பாத்தயா கங்கா? ஊரே இருண்டு கெடக்கு. அது பாட்டுக்குப் போயிண்டிருக்கு."

"அண்ணா, டொமைனை மட்டுமாவது நம்ம பேர்ல..."

"எல்லாத்திலயும் ஒரு சந்தேகம் உனக்கு. எங்க கையெழுத்துப் போடணும், அனூப்?"

படிவம் ஆறு பக்கம் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினான் அனூப். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நிதானமாகக் கையெழுத்திட்டுக்கொண்டே வந்தார் லக்ஷ்மிநாராயணன். இதில் கால் மணி நேரம் போயிற்று. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவருடைய மொபைல் அடித்தது.

"ஹலோ... யாரு, பினுவா? மெல்லச் சொல்லு, ஒண்ணும் புரியலை."

போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு தங்கையிடம் சொன்னார்: "நம்ம சுக்கு குடோன் மாடியை ஸ்டாக் வைக்கணும்னு வாடகைக்கு எடுத்தானே, அந்தப் பினு. எதுக்கோ கத்தறான்."

போனிலிருந்து வந்த குரல் மேஜையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"சாரே, யூபிஎஸ் தீர்ந்து போச்சு! குடோன் ஜெனரேட்டரை ஒண்ணு போடச் சொல்லுங்க சாரே! மாடியில என் சர்வர் மொத்தமும் ஆஃப். நாப்பது கம்பெனியோட வெப்சைட் போச்சு!"

கங்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, படகு வீட்டு வெப்சைட்டை மறுபடி திறக்கப் பார்த்தாள். வரவில்லை.

அனூப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, டையைச் சரிசெய்தபடி, போனைப் பார்த்து மரியாதையாகச் சொன்னான்:

"குட் ஈவினிங், எம்.டி. சார்."