ஒத்திகைப் பாவசங்கீர்த்தனம்

இன்று அவன்தான் சாமியார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தோளில் ஊதாத் துண்டு. பக்கவாட்டில் ஒரு துணித் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பாவி வந்து முழந்தாளிட வேண்டும்.

பாவி யார், பாவம் என்ன என்பதை வகுப்பெடுக்கும் மோயீசன் ஃபாதர் முடிவு செய்வார். குருமடத்தில் கடைசி வருட வகுப்பு. அடுத்த மாதம் குருப்பட்டம் வாங்கிச் சாமியாராகப் போகிறவர்கள் பாவசங்கீர்த்தனம் கேட்க, பாவங்களைக் கேட்டுப் பரிகாரம் சொல்ல, பழக வேண்டாமா? நேற்று ஒருவன் மருமகளைப் பட்டினி போட்ட மாமியாராக வந்து, இல்லாத முந்தானையை இழுத்து இழுத்துச் செருகி, வகுப்பையே கலகலக்க வைத்திருந்தான்.

இன்று ரெமிஜியுஸ். பெண்டாட்டியை அடிக்கும் குடிகாரன்.

தள்ளாடிக்கொண்டே வந்தான். பின்வரிசையில் விசில்.

"சாமி, நான் பாவி, என்னை ஆசீர்வதியும்" என்று குழறினான்.

அவனும் ரெமிஜியுஸும் ஒரே நாளில் பெட்டி தூக்கிக்கொண்டு குருமடத்துக்கு வந்தவர்கள். ஒரே மேடையில் பட்டம் வாங்கப் போகிறவர்கள். அவனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

சிரிப்புச் சத்தம் ஓய்ந்தது.

ரெமிஜியுஸின் குரல் இறங்கியது. தட்டிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"எனக்குப் பட்டம் வேண்டாம்லே. ரொம்ப நாளாவே இப்பிடித்தான் இருக்கு. ஊர்ல பந்தலுக்குச் சொல்லிட்டாவ. அம்மா மொகத்தப் பாத்தா வாய் வரமாட்டேங்கு."

அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல உனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

கிடைக்கவில்லைதான் என்று பிறகு புரிந்தது.

பதில் தயாராக இருந்தது. பட்டத்துக்கு முன் எல்லோருக்கும் வரும் கலக்கம், செபியுங்கள், சரியாகிவிடும். சொன்னால் ரெமிஜியுஸ் தலையாட்டிவிடுவான். இத்தனை வருடத்தில் அவன் பேச்சை எப்போது தட்டியிருக்கிறான்?

அடுத்த மாதம் பட்டச் சடங்கில் பீடத்தின் முன் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கிடப்பார்கள்.

அதற்கு அவன் ஆசைப்பட்டான். ரொம்பவே ஆசைப்பட்டான்.

"சாமியாரே, சீக்கிரம் முடிங்க. பாவிக்கு முட்டி வலிக்கும்லா" என்றார் மோயீசன் ஃபாதர்.

வகுப்பு சிரித்தது.

அவன் தட்டிப் பக்கம் சாய்ந்தான். குரலைத் தாழ்த்த மறந்துபோனான்.

"பரிகாரம் சொல்லுதேன். உள்ளத உள்ளபடி இன்னைக்கே போய்ச் சொல்லணும். நானும் கூட வாறேன்."



மோயீசன் ஃபாதர் எழுந்தார். "எல்லாரும் கவனிங்க. இங்கதான் தப்பு. பரிகாரத்தப் பாவிதான் செய்யணும். குருவானவர் கூடப் போகக் கூடாது. அவன் பெண்டாட்டிகிட்ட அவன் மன்னிப்புக் கேட்டுக்கிடுவான். ஒனக்கு அங்க என்னய்யா வேல?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"தப்புத்தான் ஃபாதர்" என்றான் அவன்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் சாப்பாட்டு அறைக்கு ஓடினார்கள். இருவர் மட்டும் குருமட அதிபரின் அறையிருக்கும் மாடிக்கு ஏறினார்கள்.

கதவுக்கு முன்னால் ரெமிஜியுஸ் கையைத் தூக்கினான். இறக்கினான்.

மறுபடியும் தூக்கினான். கை அந்தரத்திலேயே நின்றது.

கூட வந்தவன்தான் தட்டினான்.