கூட்டுக்குள் போன சிநேகிதி

எலுமிச்சைச் செடியில் ஒரு பச்சைப்புழுவும் ஒரு நத்தையும் உயிர்ச் சிநேகிதிகளாக இருந்தன. கூடு கட்டும் நாள் வந்ததும் புழு அழுதது.

"உள்ளே போனா எல்லாம் கூழாக் கரைஞ்சிடுமாம்டி. மூளைகூட மிஞ்சாதாம். அப்புறம் உன் ஞாபகத்தை நான் எதுல வெச்சுக்குவேன்?"

"நாள் பூரா தின்ன உனக்கு மூளை வேற இருந்துச்சாக்கும்" என்று நத்தை சீண்டி, சிரிக்க வைத்துத்தான் அனுப்பியது. கூடு மூடிய பிறகோ அதை விட்டு நகரவே இல்லை. "ஒரே இலையை ஆளுக்கொரு பக்கமா கடிச்சோமே, மழைக்கு என் ஓட்டோரம் ஒண்டினியே" என்று தினமும் கூட்டோடு ஒட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னது. உள்ளே கேட்டதோ இல்லையோ, யார் கண்டது?

பதினோராம் நாள் கூடு பிளந்து பட்டாம்பூச்சி ஒன்று வெளியே வந்தது.

"என்னைத் தெரியுதாடி?" என்றது நத்தை.

பட்டாம்பூச்சி உற்றுப் பார்த்தது. "தெரியலையே. நீங்க யாருங்க?"

அந்த 'ங்க'வில் நத்தை ஓட்டுக்குள் சுருண்டுகொண்டது.

வெயிலில் இறக்கை காய்ந்தது. காற்றும் தோதாக வீசியது. பட்டாம்பூச்சி கிளம்பவில்லை.

"பறக்க வேண்டியதுதானே, தாயி?" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பறக்கணும்தாங்க. ஆனா உங்களை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரலை. ஏன்னுதான் எனக்குத் தெரியலை."