பிடிபடாத பட்டன்

"ப்ரோ, அவ 'வேண்டாம்' பட்டனைத்தான் துரத்துறா. சந்தேகமே இல்ல," என்றான் பக்கத்து மேஜை ஹேமிஷ், வாய் நிறைய சீஸ் ஸ்கோனோடு.

ராவிரி காபியைத் தள்ளி வைத்தான். நாலு மேஜை தள்ளி, கம்ப்யூட்டரில் மூக்கு இடிக்காத குறையாகக் குனிந்திருந்தாள் சினா. நியூசிலாந்தில், வெலிங்டனின் அந்தச் சின்ன ஆபீசில் அவன் எழுதும் இணையப் பக்கங்களைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். ஆபீசுக்கு வெளியே, இரண்டு வருஷமாக அவன் காதலி.

காலையில், "இதையும் சோதிச்சுடு" என்று அவளுக்கு ஒரு பக்கம் அனுப்பியிருந்தான். 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?' என்று கேள்வி. கீழே 'சம்மதம்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். மவுஸ் கிட்டே போனாலே 'வேண்டாம்' பறந்துவிடும், வெலிங்டன் காற்றில் குடை பறக்கிற மாதிரி.

"எப்படி ஓட விட்ட?" என்று கேட்டான் ஹேமிஷ்.

"பக்கத்தோட தோற்றத்துக்கு எழுதுற சிஎஸ்எஸ்ல, டிரான்ஸ்ஃபார்ம்னு ஒரு கட்டளை. பட்டனோட அசல் இடம் மாறாது, பார்வைக்கு மட்டும் நகரும். இடம், வலம், நடுவுல ஒரு சுத்து வேற. மூணு நாள் வேலை ப்ரோ. யாராலயும் பிடிக்க முடியாது."

"ரெண்டு மணி நேரமா விடாம துரத்துறாளே. உன் மேல அவ்வளவு வெறுப்பா?"

ராவிரிக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவிடம் வேறு சொல்லித் தொலைத்திருந்தான். சனிக்கிழமை ரோட்டோருவாவிலிருந்து குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு வருகிறது.

அப்போது சினா மவுஸை ஒதுக்கித் தள்ளினாள். கீபோர்டில் டேப் கீயை இரண்டு தட்டு, தேர்வு தாவித் தாவி 'வேண்டாம்' மேல் போய் நின்றது; எண்டர் கீயை ஒரு தட்டு. மவுஸுக்குத்தானே ஓடச் சொல்லியிருந்தான்? கீபோர்டை அவன் யோசிக்கவே இல்லை.

அவன் திரையில் வந்து விழுந்தது: 'பதில்: வேண்டாம்.'

"போச்சு," என்று ஹேமிஷ் அவன் தோளைத் தட்டிவிட்டு நழுவினான்.

சினா விறுவிறுவென்று அவன் மேஜைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பிடிக்கலன்னா நேர்லயே சொல்லியிருக்கலாமே சினா," என்றான் ராவிரி. "இவ்வளவு பாடுபட்டுத் துரத்தணுமா?"

"ஏதோ ஒரு பதிலாவது உனக்கு வந்து சேரட்டும்னுதான் துரத்தினேன்," என்று பொரிந்தாள் சினா. "காலைலேர்ந்து நாப்பது தடவை 'சம்மதம்' அமுக்கிட்டேன். அந்தப் பட்டனை நீ எதோடயும் இணைக்கவே இல்லடா, மடையா."