தேவாரம் தெரிந்தவள்

"உங்களிலை ஆர் சிங்களத்தி?"

கடற்கரையில் வலைகள் வைக்கும் வாடியின் வாசலை மறித்துக்கொண்டு ஓர் ஆள் கேட்டான். கையில் பொல்லுத்தடி இருந்தது. கொழும்புக் கலவரத்தில் அவனுடைய தம்பியை வெட்டிவிட்டார்களாம். அதற்காக, எங்கள் ஊரில் பாண் ரொட்டி போட்டு விற்ற சிங்களவரின் மகளைத் தேடி மண்கும்பானிலிருந்து வந்திருந்தான்.

நானும் என் சிநேகிதியும் வலைக் குவியலுக்குள் ஒளிந்திருந்தும் அகப்பட்டுவிட்டோம்.

"இரண்டு பேரும் தமிழ்தான் அண்ணை," என்றேன்.

"அவளும் நல்லாத் தமிழ் கதைப்பாளாம். தேவாரம் பாடுங்கோ, பாப்பம்."

நான் பாடினேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

"நீ சரி. இனி மற்றவள் பாடட்டும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"என்னடி, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?"

தலைமயிரைப் பிடித்து அவளை வாசலுக்கு இழுத்தான். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

நான் பாய்ந்து அவனுடைய கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை! அவள் மீன்பிடிச் சம்மாட்டி பஸ்ரியாம்பிள்ளையின்ரை மகள், ஜசிந்தா. மாதா கோயில் பிள்ளைக்குத் தேவாரம் எப்பிடித் தெரியும்? அதைச் சொன்னால் என்னைப் பிடிப்பியள் எண்டுதான் பேசாமல் நிக்கிறாள். நான்தான் பாண்காரன்ரை மகள், குசுமா. தேவாரம் சைவப் பள்ளிக்கூடத்திலை பாடமாக்கினனான்."

ஜசிந்தா என்னைத் தள்ளிவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பொல்லை வலைமேல் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.