இருபத்திரண்டு டன்

முதுகுக்குப் பின்னால் சங்கிலி கழன்று விழுந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாகக் கிரானைட் லாரி ஓட்டுகிறவருக்கு எந்தச் சத்தம் எதுவென்று தெரியும்.

லாரி கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரே கல். இருபத்திரண்டு டன்.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது சங்கிலி.

லேசாகக் கால் வைத்துப் பார்த்தார்.

லாரி கொஞ்சம் அடங்கியது. கல் அடங்கவில்லை. கரகரவென்று ஒரு சாண் முன்னால் வந்தது, கேபினைப் பார்த்து.

காலை எடுத்துவிட்டார்.

பக்கத்தில் மருமகன் திம்மராஜ். இரண்டாவது டிரைவர். மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன். நாலு வருடமாக ஒரே வண்டி. ஒருநாளும் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு அவர் கண்ணை மூடியதில்லை.

குவாரி ஆட்கள் கட்டிய சங்கிலியைக் காலையில் அவிழ்த்ததும் அவர்தான். எவன் கட்டினாலும் அவிழ்த்துத் தானே மறுபடி கட்டுவார். கடைசி இறுக்குக்குச் சங்கிலியை முறுக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது தோள் வலியில் உயிர் போனது.

"நான் இழுக்கறேன் மாமா."

"நீங்க இழுத்தா நாம ஊர் போய்ச் சேர மாட்டோம் மாப்ள. ஏறி உக்காருங்க."

இறுக்கியவரை போதும் என்று விட்டுவிட்டார்.

உலகத்தில் அவர் நம்பியது ஒரே ஒரு ஆளை, தன்னைத்தான். அந்த ஆளும் இப்படிச் செய்துவிட்டான்.

வளைவு திரும்பியது.

நடு ரோட்டில் ஒரு பேருந்து. பழுதாகி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஜனங்கள் இறங்கி அதன் பின்னாலேயே கூட்டமாக நின்றார்கள்.

இடது பக்கம் மலை. வலது பக்கம் ஏறி வருகிற வண்டிகள், இடைவெளியே இல்லாமல்.

ஹாரனை அழுத்தினார். எவனும் நகரவில்லை. ஒருத்தன் கையை உயர்த்தி, நில்லு என்று காட்டினான்.

சுலபமாகச் சொல்லிவிட்டான்.

"மாப்ள, குதிங்க."

"மாமா?"

"கல்லு வருது. குதிய்யா!"

"நீங்க?"

"நானும் குதிச்சா வண்டிய எவன் புடிக்கிறது? உங்கப்பனா?"

திம்மராஜ் கதவைத் திறந்தான். குதிக்கவில்லை. அவர் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

நேரமில்லை.

இடது கையை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அவர் உடம்பும் வலது கதவில் போய் மோதியது.

சீட் காலியானது. கதவு அடித்துக்கொண்டது.

கண்ணாடியில் பார்த்தார். மருமகன் மண்ணில் புரண்டு எழுந்தான். நொண்டிக்கொண்டே லாரிக்குப் பின்னால் ஓடி வந்தான். வாயைத் திறந்து என்னவோ கத்தினான்.

முட்டாள்.

முன்னால் ஜனங்களின் முகம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன். யார் பெற்ற பிள்ளைகளோ.

பிரேக்கில் கால் வைத்தார். இந்தத் தடவை லேசாக அல்ல.

லாரி நின்றது. கல் நிற்கவில்லை.