கரைக்குக் கூப்பிட்ட குரல்

பெனிட்டா தன் கணவன் தொம்மையோடு பேசி நான்கு நாள் ஆகியிருந்தது. மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளன்றும் அவன் கடலுக்குப் போய்விட்டான் என்ற கோபம்.

ஆனால் படகில் அவள் குரல் இருந்தது. யார் சொன்னால் மீனவன் கேட்பானோ, அவர் குரலில்தான் படகிலுள்ள வானிலைப் பெட்டி எச்சரிக்கும், கேட்டதற்குப் பதிலும் சொல்லும். அந்தப் புரட்டாசிக் காலையில், காற்றே இல்லாதபோது, அது சொன்னது: "ஏங்க, தெற்கேயிருந்து பெரிய அலை வருது. பத்து மணிக்குள்ள கரைக்கு வந்துடுங்க."

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு ஆள் உயரம். கிளம்புங்க."

அவன் வலையை எடுத்த பிறகும் கிளம்பவில்லை. நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டான். நாளைக் காற்றைப் பற்றிக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல் பொறுமையாகப் பதில் சொன்னது.

பத்து மணி தாண்டிக் கரையை நெருங்கும்போது அலை படகைக் கவிழ்த்தது. கரையில் காத்து நின்று, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவனை இழுத்து வந்தவள் பெனிட்டாதான்.

"பெட்டி முன்னாடியே சொல்லியிருக்குமே. ஏன் உடனே வரல?"

இருமிக்கொண்டே சொன்னான்: "நீ பேசிட்டே இருந்த."

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் நின்றவரிடம் துண்டு வாங்கி அவன் தலையைத் துவட்டினாள்.

"வீட்ல எவ்வளவு வேணும்னாலும் பேசுறேன்," என்றாள். "கடல்ல கூப்பிட்டா மட்டும் உடனே வந்துடுங்க."